ஒஸ்மோ யுந்துனென் குறி பிசகிய படலம்

வாழ்க ஒஸ்மோ யுந்துனென்! வடகோடிப் பனிநிலமாம் கைனூ நாட்டுக் கருங்கானகத்தின் காவலன், லெஹ்தோவாரா ஊர் வேட்டைக் குழுவின் முன்னணி வீரன், பதினொரு பெருங்கொம்பு மூஸ் மான்களை மண்சாய்த்த தடந்தோளன், பனிக்காலத்தில் ஊர்ச்சாலையின் வெண்பனியை வாரித் தள்ளும் இயந்திரத் தேரின் சாரதி, அறுபத்து மூன்று வயதாகியும் மருத்துவமனை வாசற்படியை மிதியாத மாவீரன், அவன் புகழ் ஓங்குக! அவன் வலத்தோளில் குடியிருக்கும் வால்நட் கட்டைத் துப்பாக்கியும் வாழ்க! ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட் என்ற கைத்தாழைத் தூக்கி, இழுத்து, தள்ளி, தாழ்த்த வேண்டிய அந்தப் பொறுமைசாலி ஆயுதம் தன் முப்பதாம் வயதில் முரண்டு பிடித்திராவிட்டால், நாம் கூடிப் பேச இன்று ஒரு கதையும் இருந்திராது.

காப்பாகத் தாரை வணங்குவோம். சாலையில் போடும் தாரைச் சொல்லவில்லை. பைன் மரத்தின் வேர்களைக் குழியில் அடுக்கி, மண்ணால் மூடி, நாட்கணக்கில் புகையவிட்டால் அடியில் சொட்டுச் சொட்டாக இறங்குமே, தேன் நிறத்தில் தொடங்கிக் கரியாய் முடியும் அந்தக் கானகக் குருதியைச் சொல்கிறேன். உலகத்துக் கப்பல்களெல்லாம் ஒரு காலத்தில் எங்கள் தாரைப் பூசிக்கொண்டுதான் மிதந்தன என்று பெருமையடிக்காத கைனூக்காரனை நான் இன்னும் பார்க்கவில்லை. ஒஸ்மோ அந்தப் பெருமையை வாயோடு நிறுத்திக்கொள்ளவில்லை. படகுக்குத் தார் பூசினான். பனிச்சறுக்குப் பலகைக்கும் படித்துறைக்கும் பூசினான். காலில் வந்த சேற்றுப்புண்ணுக்குப் பூசினான். தார் மணக்கும் சோப்பில் குளித்து, தார் மிட்டாயைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு வேலைக்குப் போனான். தார் பூசிக் கெட்ட பொருள் ஒன்றை அவன் தன் வாழ்நாளில் கண்டதில்லை.

இனி அவன் ஆண்ட மண்ணைப் பாடுவோம். அக்டோபரில் வேட்டைக்காலம் தொடங்கியதும் எங்கள் குழுவில் பதினான்கு பேர் காட்டைச் சுற்றி ஆளுக்கொரு இடத்தில் துப்பாக்கியோடு உட்காருவார்கள். நாயோடு இருவர் உள்ளே போய் மானைக் கிளப்புவார்கள். அந்தப் பதினான்கு இடங்களில் தலையாயது ஏழாம் நிலை. இடப்பக்கம் சதுப்பு, வலப்பக்கம் ஸ்ப்ரூஸ் மரம் செறிந்த மேடு, நடுவே மானினம் தலைமுறை தலைமுறையாகக் குளம்பு பதித்து அமைத்த அரசவழி. அங்கே உட்கார்ந்தவனுக்கு வேட்டை, மற்றவர்களுக்கு வேடிக்கை. முப்பத்தோர் இலையுதிர்காலமாக அந்தச் சிம்மாசனத்தில், அதாவது ஒரு வெட்டுண்ட அடிமரத்தில், ஒஸ்மோவின் பின்புறம் தவிர வேறெந்தப் பின்புறமும் பட்டதில்லை.

ஆனால் அரசாட்சிக்கும் ஒரு சட்டம் உண்டே. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு வேட்டைக்காரனும் சுடுதளத்தில் தேர்வு கொடுத்தாக வேண்டும். எழுபத்தைந்து மீட்டர் தூரத்தில் மரப்பலகையில் வரைந்த ஒரு மூஸ். அதன் நெஞ்சில் சாப்பாட்டுத் தட்டளவு ஒரு வட்டம். ஒன்றரை நிமிடத்துக்குள் நான்கு குண்டு, நான்கும் வட்டத்துக்குள். தவறியவனுக்கு அந்த ஆண்டு துப்பாக்கி கிடையாது. துப்பாக்கி இல்லாதவன் கூடாரத்தில் உட்கார்ந்து எல்லோருக்கும் மூஸ் இறைச்சிக் குழம்பு காய்ச்ச வேண்டும். இதில் இழிவு எதுவும் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். குழம்பு காய்ச்ச யாரும் முன்வந்ததுமில்லை.

ஆகஸ்ட் மாதத்தில், பில்பெரி பழுத்து ஊரார் வாயெல்லாம் நீலமாகத் திரிந்த நாட்களில், ஒஸ்மோ இருமுறை களம் புகுந்தான், இருமுறையும் தோற்றான். தோற்ற விதத்தை என்னென்பது! முதற்குண்டு மரமூஸின் நெஞ்சின் நட்டநடுவே, ஆசாரி அளந்து ஆணியடித்தாற்போல் பாய்ந்தது. இரண்டாங்குண்டு நான்கு விரல் மேலே ஏறியது. மூன்றாவது, வட்டத்தின் எல்லையை எள்ளி நகையாடிக் கழுத்தை நோக்கிக் கிளம்பியது. நான்காவது எங்கே போயிற்று என்பதை வானவர் மட்டுமே அறிவார்.

தேர்வு நடத்தியவள் இர்மா லெய்னோனென். வேட்டைக் குழுவுக்கும் அவளே தலைவி. ஆண்டுக்குப் பத்து வாக்கியம் பேசுபவள், அதில் மூன்றை அன்று செலவழித்தாள்.

"முதல் குண்டு அருமை. மத்த மூணும் எங்க போச்சுன்னு நீயே தேடிக்கோ, யுந்துனென். வர்ற ஞாயித்துக்கிழமை கடைசித் தேர்வு, அதுலயும் இப்படித்தான்னா ஏழாவது இடம் தௌனோவுக்கு, அகப்பை உனக்கு."

தௌனோ அங்கேதான் நின்றான். ஒஸ்மோவின் மனைவி ஹில்க்காவுக்கு அண்ணன், தேர்வுச் சான்று இன்னும் ஓராண்டு செல்லுபடியாகும் பாக்கியசாலி, கையில் எப்போதும் ஒரு வாட்டிய மக்கரா. அந்தத் தொத்திறைச்சியைக் கடித்துக்கொண்டே ஆகாயத்தை அண்ணாந்து பார்த்தான்.

"ஏன் மச்சான், மேகத்துல மூஸ் ஏதும் மேயுதா? அந்தப் பக்கமே குறி வைக்கிறியே!"

சுடுதளமே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் தௌனோ நெருங்கி வந்து, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னான்: "விளையாட்டு இல்ல மச்சான். கண்ணை டாக்டர்கிட்ட காட்டு. வயசானா அது சொல்லிட்டுப் போறதில்ல."

அந்தச் சொல் தைத்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நம் வீரன் வண்டியோட்டியபடி ஒரு கண்ணை மூடியும் மறு கண்ணை மூடியும் சாலையோரப் பலகைகளைப் படித்துக்கொண்டு போனான். எல்லாம் படிக்க முடிந்தது. அப்படியானால் கையா? கை நடுங்குகிறதா? ஒஸ்மோவுக்குப் பயமாக இருந்தது. துப்பாக்கி பழுதென்றால் சரிசெய்யலாம். பழுது தானென்றால் எந்தத் திருகாணியை முடுக்குவது?

ஆகவே அவன் துப்பாக்கியின் மீது போர் தொடுத்தான்.

திங்கட்கிழமை விடிந்ததும் தொலைநோக்கியைக் குழலோடு பிணைத்திருந்த திருகாணிப் படையை முற்றுகையிட்டான். எட்டுத் திருகாணிகளையும் சிறைபிடித்து, எண்ணெய் நீக்கி, பசைநீர் தொட்டு, மறுபடி அரியணையேற்றினான். சுடுதளம் போனான். முதற்குண்டு நடுவில். மற்றவை வானேறின. செவ்வாயன்று ஐயம் தோட்டாக்களின் மேல் திரும்பியது. மூன்று வகைத் தோட்டா வாங்கி வந்து, நடுநிலை தவறாத நீதிபதி போல ஒவ்வொன்றுக்கும் சமவாய்ப்பு வழங்கினான். மூவகையும் ஒற்றுமையாக ஏணி போட்டு ஏறின. குழலையும் அதைத் தாங்கும் மரக்கட்டையையும் இறுக்கும் பெரிய திருகாணிகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்கினான். அன்று குண்டுகள் முன்னைவிட உயரமாகப் போயின. புதனன்று குழலின் உட்புறத்தைக் கழுவத் தொடங்கினான். மருந்து நனைத்த துணியைக் கம்பியில் கோத்து உள்ளே செலுத்த, முப்பது ஆண்டுகளாகக் குண்டுகள் விட்டுச்சென்ற செம்பெல்லாம் மயில்கழுத்து நிறத்தில் கரைந்து கரைந்து வெளிப்பட, ஆறு மணி நேரம், எண்பத்திரண்டு துணித்துண்டு, கடைசித் துண்டு ஹில்க்காவின் தலையணை உறையிலிருந்து கிழித்தது, அது வெள்ளையாகவே வெளிவந்தபோது வீரன் கண்களில் நீர் துளிர்த்தது. குழல் பளிங்காயிற்று. குண்டுகள் பளிங்குக் குழலின் வழியே பளிச்சென்று வானேறின.

அந்தப் புதன் மாலையில்தான் அவன் யாருக்கும் தெரியாமல் ஒரு விரதம் பூண்டான். நாளுக்கு எட்டுக் கோப்பை காப்பி குடித்து வளர்ந்த உடம்பு அது. எங்கள் ஊரில் காப்பி வேண்டாமென்று சொல்லும் மனிதனை ஒன்று நோயாளி என்பார்கள், இல்லையேல் வெளியூர்க்காரன் என்பார்கள். கை உறுதிக்காக ஒஸ்மோ காப்பியைத் துறந்தான். துறந்ததோடு நில்லாமல், சவுனா என்ற நீராவிக் குளியலறையின் முன்னறையில் தனியாக உட்கார்ந்து, புறங்கையின் மேல் நீர் நிரம்பிய கோப்பையை வைத்து, அலை எழுகிறதா என்று மூச்சடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். அலை எழுந்த மாதிரியும் இருந்தது, எழாத மாதிரியும் இருந்தது. கதவருகே நின்று ஹில்க்கா இதையெல்லாம் பார்த்ததை அவன் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை மதியம், தலைவலியால் நெற்றியில் ஈரத்துணி கட்டிக்கொண்டு அடுக்களை மேசையில் துப்பாக்கியைக் கிடத்தி வீற்றிருந்தவன் எதிரில் அவள் வந்து உட்கார்ந்தாள்.

"ஒஸ்மோ, முதல் குண்டு எப்பவும் சரியாத்தானே போகுது?"

"ஆமா."

"முதல் குண்டுக்கு ஒரு கண்ணும் ரெண்டாவதுக்கு வேற கண்ணுமா வச்சிருக்க?"

ஒஸ்மோ ஈரத்துணியைக் கழற்றினான்.

"ஒன்னரை நிமிஷத்துல உனக்கு வயசாயிடாது. நாலு குண்டுக்குள்ள மாறுறது ஒண்ணே ஒண்ணுதான். குழல் சூடாகுது. சூடானா எங்கயோ முட்டுது. எங்க அப்பா காகிதத்தை விட்டுப் பாப்பாரு, குழலுக்கும் கட்டைக்கும் நடுவுல."

"அங்க எதுவும் முட்டாது. சந்து விட்டு நானே செதுக்கினது. இதோ, கறுப்பா ஒரு கோடு தெரியுதா? அதான் சந்து."

ஹில்க்கா எழுந்து அலமாரியைத் திறந்தாள். முந்தின நாள் மாலையிலிருந்து யாரும் தொடாத காப்பி வடிதாள்களில் ஒன்றை உருவினாள். அதன் ஓரத்தைக் குழல் நுனியில் கட்டைக்கும் எஃகுக்கும் இடையே நுழைத்துத் தன் பக்கமாக இழுத்தாள். தாள் விரற்கடை தூரம் வந்தது. பிறகு நின்றது. இழுத்தால் கிழிந்தது. கிழிந்த துண்டை அவள் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள், பிறகு கணவன் மூக்கருகே நீட்டினாள்.

"இது சந்து இல்ல. தார்."

ஆஹா, என்னவென்று சொல்வேன்! ஒவ்வொரு வசந்தத்திலும் படகைக் கவிழ்த்துப் போட்டுத் தார் பூசி முடித்ததும், தூரிகையில் மிஞ்சியதை வீணாக்க மனமின்றி, மழைநீர் இறங்கி மரம் உப்பிவிடக் கூடாதே என்ற தாயன்போடு, துப்பாக்கிக் கட்டையின் உட்பள்ளத்தில் ஒரு இழுப்பு, இரண்டு இழுப்பு, இருபது வசந்தமாக இழுத்திருக்கிறான் மாவீரன். குளிர்ந்திருக்கையில் சமர்த்தாகப் படுத்திருந்த அந்தக் கரும்படை, முதற்குண்டின் சூட்டில் கண்விழித்து, குழலை அடியிலிருந்து நெம்பி நெம்பித் தூக்கியிருக்கிறது. எதிரி வெளியிலிருந்து வரவில்லை. ஒஸ்மோவே சோறூட்டி வளர்த்திருந்தான்.

முதலில் அவனுக்கு வந்தது மகிழ்ச்சிதான், அதை மறைக்கவும் முடியவில்லை. கண் நன்றாக இருக்கிறது! கை நன்றாக இருக்கிறது! எழுந்து நின்று அடுக்களையின் நடுவே இரண்டு கைகளையும் நீட்டிப் பார்த்தான். அலையில்லாத ஏரி போல இருந்தன. "காப்பி போடு" என்றான். அடுத்த ஒரு மணி நேரத்தில், கட்டையைக் கழற்றி மடியில் கிடத்தி, சூப்புக் கரண்டியால் சுரண்டிச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, கோழிமுட்டைப் பருமனுக்குத் தாரை உருட்டியெடுத்து மேசைமேல் வைத்தான். வடிதாள் இப்போது குழலின் நுனியிலிருந்து அடிவரை வழுக்கிக்கொண்டு போயிற்று.

இரண்டாவதாக வந்தது வெட்கம். அதைக் கொண்டுவந்தவளும் ஹில்க்காதான்.

"அண்ணனுக்குப் போன் பண்ணு."

"எதுக்கு?"

"எதுக்கா? மூணு வருஷம் முன்னால ஆண்டுக் கூட்டத்துல எந்திரிச்சு, தார் பூசாத துப்பாக்கி துப்பாக்கியே இல்லன்னு முழங்கினது யாரு? ஊரே சிரிச்சுச்சு. அண்ணன் ஒருத்தன்தான் உன் பேச்சை நம்பி வீட்டுக்குப் போய்ப் பூசினான். உன்னை மாதிரி மிச்சம் மீதியை இல்ல, டப்பாவோட ஊத்தினான். அது எங்க அப்பாவோட துப்பாக்கி, ஒஸ்மோ."

ஒஸ்மோ தார் உருண்டையைப் பார்த்தான். போனைப் பார்த்தான். மேகத்தில் மேயும் மூஸ் அவன் காதில் மறுபடி குளம்பு தட்டியது. இப்போது சொன்னால் தௌனோ சொல்வான், தௌனோ சொன்னால் கூட்டுறவுக் கடை வாசலில் நாளைக்கே சிரிப்பார்கள், ஞாயிறன்று தேர்வுக்களத்தில் பன்னிரண்டு பேர் தார் மணக்குதே என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அப்போது கை நடுங்காது என்று யார் உறுதி கொடுப்பது?

"ஞாயித்துக்கிழமை சொல்றேன். தேர்வு முடிஞ்சதும் எல்லார் முன்னாலயும் நானே சொல்றேன்."

"இப்ப நான் சொல்லட்டுமா?"

"வேணாம். தப்பு என்னோடது. நான்தான் சொல்லணும்."

கேட்பதற்கு எவ்வளவு பெருந்தன்மையான பேச்சு! ஹில்க்காவே ஒரு நொடி ஏமாந்துவிட்டாள். தௌனோவின் துப்பாக்கி எங்கேயும் ஓடிவிடாது, மூன்று நாள்தானே என்று அவளும் காப்பியை ஊற்றினாள்.

ஞாயிறு புலர்ந்தது. களம் திரண்டது. குழுவினர் காப்பிக் குடுவையோடு வந்தனர், நாய்கள் நாக்கோடும், நெருப்பு மக்கராவோடும் வந்து சேர்ந்தன. ஒஸ்மோ சுடுமேடை ஏறினான். இர்மா கடிகாரத்தை உயர்த்தினாள். காற்று அடங்கியது, காகம் வாய் மூடியது. அவன் போல்ட்டைத் தாழ்த்தினான், மூச்சைப் பாதி விட்டு மீதி நிறுத்தினான், விசையைத் தொட்டான், மலை முழங்கியது. ஒன்று! தூக்கி, இழுத்து, தள்ளி, தாழ்த்தி, காலித் தோட்டா பொன்வண்டாய்ப் பறந்து புல்லில் விழ, இரண்டு! வலத்தோள் இடி வாங்கி இடி திருப்ப, வெடிமருந்து மணம் வெற்றிப் புகையாய் எழ, மூன்று! குழல் சூடேறிக் கானல் நெளிய, இதோ இந்த நொடியில்தானே அந்தக் கரும்படை கண்விழிக்கும் என்று அவன் நெஞ்சு ஒருமுறை அடித்துக்கொள்ள, ஒன்றும் விழிக்காதிருக்க, நான்கு! எதிரொலி சதுப்புக்கு அப்பால் போய்ப் படுத்தது.

இர்மா நடந்து போனாள். மரமூஸின் நெஞ்சை உற்றுப் பார்த்தாள். திரும்பி நடந்து வந்தாள். பதற்றத்தில் ஒஸ்மோ தார் மிட்டாயை மெல்லாமல் விழுங்கிவிட்டான்.

"நாலும் உள்ள. நாலையும் ஒரு காப்பிக் கோப்பையைக் கவுத்து மூடிரலாம்" என்று முழங்கினாள் தலைவி. "ஏழாவது இடம் யுந்துனென்."

கைதட்டல் எழுந்தது. முதுகில் அடிகள் விழுந்தன. ஒருவன் காப்பி கொடுத்தான், இன்னொருவன் அந்தக் காப்பியில் வேறு எதையோ கலந்தான். வெற்றித்திருமகன் விறகுக்கட்டை ஒன்றின் மேல் ஏறி நின்று, மார்பை நிமிர்த்தி, கை உயர்த்தினான். இப்போது அவனுக்கு எதைச் சொல்லவும் பயமில்லை. வென்றவன் ஒப்புக்கொள்ளும் தவறு ஒரு பதக்கம் அல்லவா?

"எல்லாரும் கேட்டுக்குங்க! குண்டு மேல ஏறினது கண்ணால இல்ல, கையால இல்ல. தாரால! உள்பள்ளத்துல தார் பூசக் கூடாது. கூட்டத்துல நான் சொன்னது தப்பு. தார் படகுக்கு, துப்பாக்கிக்கு இல்ல. இதைக் கண்டுபிடிச்சது நான்."

ஹில்க்கா இருமினாள்.

"நாங்க" என்று திருத்திக்கொண்டான்.

எல்லோரும் சிரித்தார்கள். மூக்கையும் பிடித்துக்கொண்டார்கள். அவன் அஞ்சியது போல அந்தச் சிரிப்பு வலிக்கவில்லை. சொல்லப்போனால் நன்றாகவே இருந்தது. இதற்காகவா மூன்று நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தோம் என்றுகூட நினைத்தான். பிறகு, நெருப்போரம் குனிந்து உட்கார்ந்திருந்த மைத்துனனை நோக்கி, பகைவனுக்கும் அருளும் பேரரசனின் குரலில் கூப்பிட்டான்.

"தௌனோ மச்சான்! உன்னோடதையும் சுரண்டிப்புடு. ஒரு மணி நேர வேலைதான். கரண்டி நான் தர்றேன்."

தௌனோ அன்று காலையிலிருந்து ஒரு கேலிகூடப் பேசவில்லை என்பது அப்போதுதான் ஒஸ்மோவுக்கு உறைத்தது. குச்சியில் குத்திய மக்கரா கருகிக்கொண்டிருந்தது, அவன் திருப்பவில்லை.

"தாரா?" என்றான்.

"தார்தான்."

"என்னோடதும் ரெண்டு வருஷமா மேல மேல போகுது மச்சான். யாருகிட்டயும் சொல்லல. கண்ணுதான் போச்சுன்னு நெனச்சேன். உனக்கும் அப்படித்தானோன்னுதான் அன்னைக்குச் சொன்னேன்." குச்சியை நெருப்பில் போட்டான். "ஏழாவது எனக்கு வேணாம், இந்த வருஷம் குழம்பை நானே பாத்துக்கிறேன்னு இர்மாகிட்ட சொல்லத்தான் இன்னைக்கு வந்தேன்."

ஹில்க்கா எழுந்தாள்.

"அண்ணே, அப்பாவோட துப்பாக்கி எங்க?"

பதினொரு பெருங்கொம்பு மான்களை மண்சாய்த்தவனும், எண்பத்திரண்டு துணித்துண்டால் குழலைப் பளிங்காக்கியவனும், நான்கு குண்டையும் ஒரு கோப்பைக்குள் அடக்கியவனும், முப்பத்திரண்டாம் முறையாக ஏழாம் நிலையின் முடிசூடியவனுமாகிய ஒஸ்மோ யுந்துனென், சற்றுமுன் ஏறிநின்ற விறகுக்கட்டையிலிருந்து மெல்ல இறங்கி, மனைவியின் முகத்தைப் பார்க்க அஞ்சி, மைத்துனனின் வாயையே பார்த்து நின்றான்.

தௌனோ அதைச் சனிக்கிழமை விற்றுவிட்டான்.